42-39: ஒஹாயோ ஸ்டேட் – மிச்சிகன் 2006, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் கடைசி வந்தால் போதும், இதே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பக்கம் புதிதாக எட்டிப் பார்க்கிறவர்கள் கேட்பார்கள், பல வருடமாகப் பார்க்கிறவர்களும் வம்புக்காகக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே. எனக்கு ஒஹாயோ ஸ்டேட் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் திட்டக் கூடாது.

எந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

2006 நவம்பர் 18, சனிக்கிழமை, கொலம்பஸ் நகரில் ஒஹாயோ ஸ்டேடியம். ஒஹாயோ ஸ்டேட் நாட்டிலேயே நம்பர் 1, மிச்சிகன் நம்பர் 2. இரண்டுமே அதுவரை ஆடிய 11 ஆட்டத்தில் 11-ஐயும் ஜெயித்திருந்தன. இந்த இரண்டு டீமும் 1897-லிருந்து மோதிக்கொண்டிருக்கின்றன, ஆனால் நம்பர் 1-உம் நம்பர் 2-உமாக நேருக்கு நேர் நின்றது அதுவே முதல் தடவை. வழக்கமாக மதியம் 12 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை அன்று மூன்றரைக்குத் தள்ளி வைத்தார்கள். மைதானத்தில் 1,05,708 பேர், டிவியில் 2 கோடிக்கும் மேல். முடிவு தலைப்பிலேயே இருக்கிறது, ஒஹாயோ ஸ்டேட் 42, மிச்சிகன் 39.

காலேஜ் பசங்க ஆடுவதைப் பார்க்க ஒரு லட்சம் பேரா?

ஆமாம், அதுவும் வருடத்துக்கு ஒரு நாள் இல்லை, அங்கே நடக்கிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும். மிச்சிகனின் ஸ்டேடியம் இதைவிடப் பெரியது. அமெரிக்காவில் தொழில்முறை டீம்கள் பெரிய நகரங்களில்தான் இருக்கும், கொலம்பஸுக்கு அப்படி ஒரு என்.எஃப்.எல். டீம் கிடையாது, க்ளீவ்லாண்டுக்கும் சின்சினாட்டிக்கும்தான் உண்டு. அதனால் அந்த ஊர்க்காரர்களுக்குப் பல்கலைக்கழக டீம்தான் எல்லாம். அங்கே படித்தவர், படிக்காதவர், அப்பா படித்தவர், பக்கத்துத் தெருவில் கடை வைத்திருப்பவர் என்று எல்லோரும் அதே சிவப்புச் சட்டைதான். ஆடுகிறவர்கள் 18-லிருந்து 22 வயது வரை இருக்கும் மாணவர்கள், 2006-இல் அவர்களுக்குப் படிப்புச் செலவும் தங்குமிடமும் தவிர சட்டப்படி ஒரு டாலர்கூடக் கிடையாது. இதைப் பின்னால் ஒஹாயோ ஸ்டேட்டின் டிராய் ஸ்மித் கதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதிகள் சுத்தமாகத் தெரியாது, சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பந்து வைத்திருக்கிற டீமுக்கு நாலு முயற்சி, அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி. கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி, அதற்கு மேல் ஒரு உதை உதைத்தால் 1, உதைக்காமல் இன்னொரு தடவை உள்ளே கொண்டுபோனால் 2. தாண்ட முடியவில்லை என்றால் தூரத்திலிருந்து கம்பத்துக்கு நடுவே உதைத்து 3 வாங்கலாம், அதுதான் ஃபீல்ட் கோல். பந்தைத் தவறவிட்டாலோ எதிராளி பிடித்துவிட்டாலோ அவனுக்குப் போய்விடும், அது டர்ன்ஓவர். ஒரு கால்பகுதிக்கு 15 நிமிடம், மொத்தம் நாலு. எறிகிறவர் குவார்ட்டர்பேக். இந்த ஆட்டத்துக்கு இது போதும்.

இரண்டு பேருக்கும் அப்படி என்ன பகை?

ஃபுட்பால் பிறப்பதற்கு முன்னாலேயே தொடங்கியது. 1835-இல் ஒஹாயோ மாநிலமும் அப்போது இன்னும் மாநிலமாகாத மிச்சிகனும் டொலீடோ என்ற ஊர் யாருக்கு என்று சண்டைக்கு நின்றன, இரண்டு பக்கமும் படை திரட்டின. போர் என்று பெயர்தானே தவிர, சிந்திய ரத்தம் ஒரே ஒரு ஆளுடையது. மிச்சிகன் பக்கத்துத் துணை ஷெரிஃப் ஒருவரை ஒஹாயோக்காரர் ஒருவர் பேனாக்கத்தியால் குத்தினார், அவரும் பிழைத்துக்கொண்டார். குத்தியவர் பெயர் டூ ஸ்டிக்னி, அதாவது 'இரண்டு' ஸ்டிக்னி. அவருடைய அண்ணன் பெயர் ஒன் ஸ்டிக்னி. சத்தியமாக நான் கட்டிவிடவில்லை, அவர்கள் அப்பா பிள்ளைகளுக்கு நம்பர் போட்டுத்தான் பெயர் வைத்தார். கடைசியில் டொலீடோ ஒஹாயோவுக்குப் போனது, மிச்சிகனுக்கு ஈடாக மேல் தீபகற்பம் கிடைத்தது. அப்போது அது எதற்கும் உதவாத காடு என்றார்கள், பின்னால் அங்கே செம்பும் இரும்பும் கொட்டிக் கிடந்தது தெரிந்தது.

ஆனால் இன்றைய ரசிகர்கள் நெஞ்சில் எரிகிற நெருப்பு அதிலிருந்து வந்ததில்லை. அதை மூட்டியவர்கள் இரண்டு பயிற்சியாளர்கள், ஒஹாயோ ஸ்டேட்டின் உடி ஹேஸும் மிச்சிகனின் போ ஷெம்பெக்லரும். ஷெம்பெக்லர் ஒஹாயோவில் பிறந்தவர், கல்லூரியில் ஹேஸிடம் ஆடியவர், ஒஹாயோ ஸ்டேட்டில் முதுகலை படித்தவர், அங்கேயே ஹேஸுக்கு உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தவர். 1968-இல் ஹேஸின் டீம் மிச்சிகனை 50-14 என்று துவைத்தது, அதுவும் ஏற்கெனவே தூரத்தில் முன்னிலையில் இருக்கும்போது ஒரு புள்ளி உதைக்குப் பதிலாக இரண்டு புள்ளிக்கு முயன்றது. மறுவருடம் மிச்சிகன் யாரைப் பயிற்சியாளராக வைத்தது? அந்தச் சிஷ்யனையே. 1969 நவம்பரில், தொடர்ந்து 22 ஆட்டம் ஜெயித்து வந்த குருவின் டீமைச் சிஷ்யன் 24-12 என்று வீழ்த்தினார். அந்த வாரம் முழுக்க, பயிற்சியில் எதிரணியாக நிற்கிற பையன்கள் உடையில் எல்லாம் 50 என்ற எண்ணை ஒட்டி வைத்திருந்தாராம். அன்றிலிருந்து 1978 வரை பத்து ஆட்டம், இதைப் பத்தாண்டுப் போர் என்றே சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் ஷெம்பெக்லர் 5, ஹேஸ் 4, ஒன்று சமன்.

அந்தச் சமன்தான் எல்லாவற்றையும்விடக் கசப்பு. 1973-இல் 10-10. அப்போது இவர்கள் சார்ந்த பிக் டென் கூட்டமைப்பிலிருந்து ஒரே ஒரு டீம்தான் புத்தாண்டு ரோஸ் பவுல் ஆட்டத்துக்குப் போகலாம், வேறு எந்தப் பவுலும் கிடையாது. கூட்டமைப்பின் விளையாட்டு இயக்குநர்கள் ஓட்டுப் போட்டு ஒஹாயோ ஸ்டேட்டை அனுப்பினார்கள், மிச்சிகனின் குவார்ட்டர்பேக்குக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருந்தது என்பது காரணமாகப் பேசப்பட்டது. தோற்காத டீம் வீட்டில் உட்கார்ந்தது. ஷெம்பெக்லர் அதைக் கடைசி வரை மன்னிக்கவில்லை.

அந்த ஷெம்பெக்லர் ஆட்டத்துக்கு முதல் நாள்தான் இறந்தாரா?

ஆமாம், 2006 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை காலை. வயது 77. டெட்ராய்ட் பக்கம் ஒரு டிவி நிலையத்துக்குப் போனவர் அங்கேயே சரிந்து விழுந்தார். அவருக்கு இதயக் கோளாறு புதிதில்லை, 1969-இல் ஹேஸை வீழ்த்திய கையோடு, 1970 ரோஸ் பவுல் நெருங்கிய நேரத்தில்தான் முதல் மாரடைப்பு வந்தது, அதற்கப்புறமும் 36 வருடம் இருந்தார். வியாழக்கிழமை மிச்சிகன் வீரர்களைப் பார்த்துப் பேசியிருந்தார். மறுநாள் அவர் இல்லை. அதற்கும் மறுநாள் அவர்கள் கொலம்பஸில் ஒரு லட்சம் எதிர் ரசிகர்கள் நடுவே நிற்கிறார்கள்.

ஆட்டம் தொடங்கும் முன் ஸ்டேடியத்தில் அவருக்காக மௌன அஞ்சலி நடந்தது, திரையில் அவர் படங்கள் ஓடின. மிச்சிகன் என்ற பெயரைக்கூட உச்சரிக்காமல் "வடக்கே இருக்கிற அந்த மாநிலம்" என்றுதான் சொல்லும் ஊர் அது. அந்த வாரத்தில் வளாகத்துப் பலகைகளில் இருக்கிற எம் எழுத்தையெல்லாம் சிவப்பு டேப்பால் குறுக்கே கோடு போட்டு மறைத்து வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட கூட்டம் தொப்பியைக் கழற்றி நின்றது. அவர் நம் வீட்டிலிருந்து போன ஆள் என்ற நினைப்பு அவர்களுக்கு எப்போதும் உண்டு.

இறப்பு மிச்சிகனை உலுக்கியதால்தான் தோற்றது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. முதல் முறை பந்து கையில் கிடைத்ததும் இரண்டரை நிமிடத்தில் 80 யார்டு ஓடி டச் டவுன் போட்டார்கள், கலங்கி நின்ற டீம் அதைச் செய்யாது.

சரி, ஆட்டம் எப்படிப் போனது?

முன்கூட்டியே எல்லோரும் சொன்னது, இது தடுப்பாட்டக்காரர்களின் போர், 17-14 மாதிரி முடியும் என்று. இரண்டு டீமும் அந்த வருடம் எதிராளியைப் புள்ளி எடுக்க விட்டதே அரிது, மிச்சிகனுக்கு எதிராக ஓடி முன்னேறுவது என்பது அநேகமாக நடக்காத காரியம். முதல் அரைமணி நேரத்திலேயே அந்தக் கணிப்பு குப்பைக்குப் போனது.

மைக் ஹார்ட் ஒரு யார்டிலிருந்து உள்ளே புகுந்து மிச்சிகன் 7-0. ஒஹாயோ ஸ்டேட் அவசரப்படவே இல்லை, 14 முயற்சி எடுத்து மெதுவாக நகர்ந்து ராய் ஹாலுக்கு ஒரு சின்னப் பாஸ், 7-7. இரண்டாம் கால்பகுதியில் பீனி வெல்ஸ் என்ற முதலாண்டுப் பையன் நடுவில் புகுந்தான், பிடி தப்பி ஒரு சுழற்சி, அவ்வளவுதான், 52 யார்டு, யாரும் தொடவில்லை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு ஒரு யார்டுதான் தேவை. எல்லோரும் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பார்த்தால் இடித்துத் தள்ளி ஓடப் போகிறார்கள் என்று குழந்தைகூடச் சொல்லும். அந்த நெருக்கத்தில் ஓரத்தில், வழக்கமாகத் தடிமனான ஆள் நிற்க வேண்டிய இடத்தில், டெட் கின் ஜூனியர் நிற்கிறார். நாட்டிலேயே வேகமான கால்களில் ஒன்று அது. பந்து வந்ததும் குவார்ட்டர்பேக் டிராய் ஸ்மித் ஓட்டக்காரரிடம் கொடுப்பது போல் காட்டுகிறார், மிச்சிகன் மொத்தமும் முன்னால் பாய்கிறது, கின் சத்தமில்லாமல் பின்னால் போய்விட்டார். 39 யார்டு, டச் டவுன், 21-7. மெதுவாக ஓட்டிப் பாருங்கள், பந்து காற்றில் இருக்கும்போதே மிச்சிகன் தடுப்பாட்டக்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிடுவது உடம்பிலேயே தெரியும்.

ஏட்ரியன் ஏரிங்டனுக்கு 37 யார்டு பாஸ் போட்டு மிச்சிகன் 21-14 ஆக்கியது. இடைவேளைக்கு இரண்டரை நிமிடம்தான் இருந்தது. சாதாரணமாக அந்த நிலையில் பந்தை வைத்துக்கொண்டு பேசாமல் உள்ளே போவார்கள். டிராய் ஸ்மித் அந்த நேரத்துக்குள் மைதானம் முழுக்க நடந்துபோய், 20 விநாடி மிச்சம் இருக்கும்போது ஆண்டனி கொன்சாலஸுக்குப் போட்டார். 28-14. கடைசியில் வித்தியாசம் 3 புள்ளி என்பதை மனதில் வைத்துப் பார்த்தால் இந்த 7 புள்ளி எவ்வளவு பெரியது என்று தெரியும்.

இரண்டாம் பாதியில் மிச்சிகன் எப்படித் திரும்பி வந்தது?

பாதி அவர்கள் திறமை, பாதி ஒஹாயோ ஸ்டேட் செய்த தானம். ஹார்ட் மறுபடி ஒன்று போட்டார், 28-21. அப்புறம் ஸ்மித் எறிந்தது தட்டுப்பட்டு ஆலன் பிராஞ்ச் கையில் விழுந்தது, மலை மாதிரி ஆள், அவர் பந்து பிடிக்கிற வேலைக்கு எடுக்கப்பட்டவரே இல்லை. அதிலிருந்து ஃபீல்ட் கோல், 28-24. உடனே ஆன்டோனியோ பிட்மன் 56 யார்டு ஓடி 35-24. சரி, முடிந்தது என்று நினைக்கும்போது, நடுவில் நிற்பவர் குவார்ட்டர்பேக்குக்குத் தள்ளிய பந்து கோணலாகப் போய் உருண்டது, மிச்சிகன் எடுத்துக்கொண்டது, கோட்டுக்கு மிக அருகில். ஹார்ட்டுக்கு மூன்றாவது டச் டவுன், 35-31. அப்புறமும் அதே தவறு, அதே கோணல் பந்து, மறுபடி மிச்சிகன் கையில். இந்தத் தடவை மட்டும் தடுப்பு நின்று பிடித்தது.

ஹார்ட் அன்று 142 யார்டு ஓடினார். தோற்ற பக்கத்தில் நின்றதால் அவரை யாரும் பேசுவதில்லை, அந்த மைதானத்தில் அன்று அவரைவிடக் கடினமாக உழைத்த ஆள் கிடையாது.

கிரேபிள் அடித்ததுதான் ஆட்டத்தை முடித்ததா?

மிச்சிகன் ரசிகரிடம் இதைக் கேட்காதீர்கள், முகம் மாறிவிடும். நாலாவது கால்பகுதி, 35-31. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மூன்றாவது முயற்சி, 15 யார்டு தேவை. ஸ்மித் வலது பக்கம் ஓடி, வழியில்லாமல் கோட்டோரம் எறிந்தார், யாரும் பிடிக்கவில்லை. பந்து மிச்சிகனுக்குப் போயிருக்கும், நாலே புள்ளிதான் பின்தங்கல், நேரமும் இருந்தது. ஆனால் துரத்திக்கொண்டு வந்த மிச்சிகனின் ஷான் கிரேபிள், பந்து கையை விட்டுப் போன பிறகு, ஹெல்மெட் ஹெல்மெட்டில் இடிக்க ஸ்மித்தை மோதினார். மஞ்சள் கொடி விழுந்தது. 15 யார்டு தண்டனை, அதோடு ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மறுபடி முதலிலிருந்து நாலு முயற்சி. கொஞ்ச நேரத்தில் பிரையன் ரோபிஸ்கி 13 யார்டு பாஸைப் பிடித்தார், 42-31, கடிகாரத்தில் 5 நிமிடம் 38 விநாடி.

தண்டனை சரிதானா என்றால், சரிதான். வேண்டுமென்றே செய்தாரா என்றால், இல்லை, முழு வேகத்தில் வருகிற உடம்பு, கால் நொடியில் முடிவெடுக்க வேண்டியது. அந்தப் பையன் அந்த வருடம் முழுக்க நன்றாக ஆடினார், இந்த ஒரு விநாடியை வைத்து அவரை நினைப்பது அநியாயம். ஆனாலும் மொத்த ஆட்டத்தில் ஒரு இடத்தைக் காட்டு என்றால் நானும் இதைத்தான் காட்டுவேன்.

கடைசி இரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது?

2 நிமிடம் 16 விநாடி இருக்கும்போது மிச்சிகன் குவார்ட்டர்பேக் சாட் ஹென்னி, டைலர் எக்கருக்கு 16 யார்டு பாஸ், அப்புறம் ஸ்டீவ் பிரெஸ்டனுக்கு இரண்டு புள்ளி, 42-39. அடுத்து மிச்சிகன் பந்தைச் சின்னதாக உதைத்துத் தானே பொறுக்கப் பார்த்தது, ஆன்சைட் கிக் என்பார்கள். டெட் கின் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான், கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது.

ஸ்கோர் சொல்கிற அளவுக்கு நெருக்கமான ஆட்டமா?

என் கருத்து, இல்லை. இரண்டாம் கால்பகுதியில் 14-7 ஆன பிறகு ஒஹாயோ ஸ்டேட் ஒரு தடவைகூடப் பின்தங்கவில்லை, சமன்கூட ஆகவில்லை. 500 யார்டுக்கு மேல் முன்னேறினார்கள். மூன்று தடவை பந்தைத் தாரை வார்த்தார்கள், மிச்சிகன் ஒரு தடவைகூட விடவில்லை. மூன்றைத் தாரை வார்த்துவிட்டு நம்பர் 2 டீமை ஜெயிப்பது சாதாரணமில்லை. மிச்சிகன் நண்பர்கள் இதையே திருப்பிப் போட்டு, "அவ்வளவு கொடுத்தும் எங்களால் எடுக்க முடியாமல் போனதே" என்று புலம்புவார்கள். அதுவும் நியாயம்தான்.

தரை வழுக்கியதா?

வழுக்கியது. அந்த சீசனில் ஒஹாயோ ஸ்டேடியத்தின் புல் கெட்டுப்போய் நடுவில் புதிதாகப் பதித்திருந்தார்கள், அது சரியாக வேர் பிடிக்கவில்லை. ஒரு காலை ஊன்றித் திரும்பினால் புல் பாளமாகப் பெயர்ந்து வரும். இரண்டு பெரிய ஓட்டங்களுக்கும் இது உதவியது, எங்கே போகிறோம் என்று ஓடுகிறவனுக்குத் தெரியும், தடுக்கிறவன்தான் சட்டென்று திரும்ப வேண்டும், வழுக்கி விழுவதும் அவன்தான். மறுவருடமே செயற்கைப் புல்லுக்கு மாறிவிட்டார்கள்.

டிராய் ஸ்மித் யார், பின்னால் என்ன ஆனார்?

க்ளீவ்லாண்ட் பையன். அன்று 41 தடவை எறிந்து 29-ஐச் சேர்த்தார், 316 யார்டு, 4 டச் டவுன். இதற்கு முந்தைய இரண்டு வருடமும் மிச்சிகனை வீழ்த்தியிருந்தார், அதில் 2005-இல் மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் கடைசி நிமிடத்தில். 2004 கடைசியில் ஒரு டீம் ஆதரவாளரிடம் 500 டாலர் வாங்கினார் என்று இரண்டு ஆட்டம் உட்கார வைக்கப்பட்டவர் இவர். 500 டாலர்! 2021-லிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறிவிட்டது, இன்று ஒரு நல்ல குவார்ட்டர்பேக் கோடிகளில் வாங்குகிறார்.

2006-க்கான ஹைஸ்மன் விருது, அதாவது அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்ற பட்டம், அவருக்குத்தான், போட்டியே இல்லை. ஆனால் என்.எஃப்.எல். தேர்வில் ஐந்தாம் சுற்று வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உயரம் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

மறு ஆட்டம் வரும் என்றார்களே, ஏன் வரவில்லை?

அப்போது நாக்அவுட் கிடையாது. இரண்டு ஓட்டெடுப்பும் ஆறு கணினிக் கணக்கும் சேர்த்து முதல் இரண்டு இடத்தை முடிவு செய்வார்கள், அந்த இரண்டு பேர் ஜனவரியில் இறுதி ஆட்டம் ஆடுவார்கள். தோற்ற பிறகும் மிச்சிகன் இரண்டாம் இடத்தை விட்டு ரொம்பக் கீழே போகவில்லை. டிசம்பர் 2 அன்று, இரண்டாம் இடத்தில் இருந்த யூ.எஸ்.சி. டீம் 13-9 என்று யூ.சி.எல்.ஏ.விடம் தோற்றதும் இடம் காலியானது. மிச்சிகனா, ஃப்ளோரிடாவா? ஃப்ளோரிடா அதே நாள் ஆர்கன்ஸாவை 38-28 என்று வீழ்த்தித் தன் கூட்டமைப்புப் பட்டத்தை வாங்கியிருந்தது. அவர்களுடைய பயிற்சியாளர் அர்பன் மேயர் வெளிப்படையாகவே வாதாடினார், மிச்சிகனுக்கு ஏற்கெனவே ஒரு வாய்ப்புக் கிடைத்தாகிவிட்டது என்று. ஓட்டுரிமை இருந்த ஒஹாயோ ஸ்டேட் பயிற்சியாளர் ஜிம் டிரெஸல், எதிராளியை நானே தேர்ந்தெடுப்பது சரியில்லை என்று அந்தக் கடைசி ஓட்டைப் போடாமலே விட்டார். நூலிழையில் ஃப்ளோரிடா போனது.

வேடிக்கை என்னவென்றால், அதே அர்பன் மேயர் 2012-இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் பயிற்சியாளராக வந்து, மிச்சிகனுடன் ஆடிய ஏழிலும் ஜெயித்தார். மிச்சிகன்காரர்களுக்கு அந்த மனிதர் மேல் இரட்டைக் கடுப்பு.

அப்புறம் இரண்டு டீமும் தோற்றன. அப்போ எல்லாம் வெறும் பில்டப்தானே?

இதைக் கேட்காதவர்களே இல்லை. உண்மைதான், ஜனவரி 8 அன்று ஃப்ளோரிடா 41-14 என்று ஒஹாயோ ஸ்டேட்டை நொறுக்கியது. தொடக்க உதையையே டெட் கின் 93 யார்டு கொண்டுபோய் டச் டவுன் ஆக்கினார், அந்தக் கொண்டாட்டத்தில் சக வீரர் ராய் ஹால் கின்னின் காலில் விழுந்ததில் கின்னுக்கு அடிபட்டது, அதோடு அவர் ஆட்டம் முடிந்தது. டிராய் ஸ்மித் மொத்தமே 35 யார்டுதான் எறிந்து சேர்த்தார். மிச்சிகன் ரோஸ் பவுலில் யூ.எஸ்.சி.யிடம் 32-18. அது போதாதென்று அடுத்த செப்டம்பரில் அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற கீழ்ப்பிரிவு டீமிடம் சொந்த மண்ணில் 34-32, அந்த அதிர்ச்சி தனிக் கதை.

ஆனால் 51 நாள் ஆடாமல் இருந்துவிட்டு, விருது விழாக்களுக்கெல்லாம் போய்விட்டு வந்து ஆடுவது வேறு, நவம்பரில் கொதிநிலையில் ஆடியது வேறு. அந்த இரண்டும் நாட்டின் மிகச் சிறந்த இரண்டு டீம் இல்லை என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன். ஆட்டம் சுமார் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொலம்பஸில் யாரிடமாவது 2006 என்று சொல்லிப் பாருங்கள், ஃப்ளோரிடா இரண்டாவதாகத்தான் வாயில் வரும்.

லாட்டரி கதை நிஜமா?

நிஜம். அன்று மாலை ஒஹாயோ அரசு லாட்டரியின் நாலு இலக்கக் குலுக்கலில் விழுந்த எண் 4-2-3-9. ஸ்கோரை அப்படியே எழுதி வாங்கியவர்கள் நிறையப் பேர், மொத்தம் 22 லட்சம் டாலர் கொடுக்க வேண்டி வந்தது.

தங்கக் கால்சட்டை என்கிறார்களே, அது என்ன?

மிச்சிகனை ஜெயிக்கிற ஒவ்வொரு வருடமும் ஒஹாயோ ஸ்டேட் வீரர்களுக்குச் சங்கிலியில் கோக்கிற அளவில் ஒரு சின்னத் தங்க ஃபுட்பால் கால்சட்டை கொடுப்பார்கள். 1934-இல் வந்த பயிற்சியாளர் ஃபிரான்சிஸ் ஷ்மிட், "அவர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை போடுகிறார்கள்" என்று சொன்னதிலிருந்து வந்த வழக்கம். மிச்சிகனைத் தவிர வேறு யாரை ஜெயித்தாலும் இது கிடையாது. டிராய் ஸ்மித்திடம் மூன்று இருக்கும். 2021-லிருந்து 2024 வரை நாலு வருடம் தொடர்ந்து தோற்றார்கள், அந்த நாலு வருடமும் ஒன்றுகூடக் கிடையாது.

இன்று நடந்திருந்தால்?

2024-லிருந்து 12 டீம் நாக்அவுட். அந்த வருடம் நவம்பரில் ஒஹாயோ ஸ்டேட் சொந்த ஊரில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது, ஊரே பயிற்சியாளரைத் துரத்தச் சொன்னது, அப்புறம் அதே டீம் நாக்அவுட்டில் நாலு ஆட்டம் ஜெயித்து ஜனவரியில் தேசிய சாம்பியன். 2006-இல் இந்த முறை இருந்திருந்தால் மிச்சிகனும் நிச்சயம் உள்ளே இருந்திருக்கும், மறு ஆட்டமும் வந்திருக்கலாம். ஆனால் நம்பர் 1, நம்பர் 2 மோதும்போது, தோற்றால் பரவாயில்லை, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இருந்திருந்தால் கிரேபிள் அப்படிப் பாய்ந்திருப்பாரா? எனக்குப் பழைய முறையில் நூறு குறை உண்டு, இந்த ஒன்றில் மட்டும் அதுதான் பிடிக்கும்.

முழு ஆட்டமும் பார்க்க நேரம் இல்லை, எதை மட்டும் பார்க்கலாம்?

தொடக்க அஞ்சலியை விடாதீர்கள். அப்புறம் இரண்டாம் கால்பகுதி முழுசாக, அந்த 15 நிமிடத்தில் நாலு டச் டவுன் இருக்கிறது. மூன்றாவதை ஓட்டிவிட்டாலும் பிட்மனின் 56 யார்டுக்கு நிறுத்துங்கள். நாலாவதில் கிரேபிள் இடத்திலிருந்து கடைசி வரை. கின் அந்த ஆன்சைட் கிக்கை அமுக்கிப் பிடித்ததும் அணைத்துவிடலாம்.